பித்தளைக் குமிழ்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் அவளும் நலம். உன்னோடு போனில் பேசினால் நான் ஒன்று சொல்ல, நீ வேறொன்றைக் கேட்டுக்கொள்ள, கடைசியில் இருவரும் சண்டைக்காரர்கள் போலக் கத்திக்கொண்டிருப்போம். அதனால் கடிதம்.

உன் தெருமுனையில் இருக்கும் ஆற்றுப் பாலத்தின் உடல்நிலையைக் கண்காணிக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. பாலத்துக்கும் வயதாகிறதல்லவா. சென்சார்கள் ஒட்டப்போகிறோம். லாரி போகும்போது எவ்வளவு அதிர்கிறது, விரிசல் அகலமாகிறதா, தூண் சாய்கிறதா என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் தூண் சாயாமல் நேராகக் கீழே இறங்கினால் அவற்றுக்குத் தெரியாது. அதற்கு அசையாத ஓர் இடம் வேண்டும். மாதாமாதம் மட்டக்கருவியை வைத்து, அந்த இடத்தோடு தூணின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த அசையாத இடம் நம் வீடுதான். வாசல் சுவரின் மூலையில், முழங்கால் உயரத்தில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்குமே, பாலம் கட்டியபோது வைத்தது. அக்கரையிலும் ஒன்று இருந்தது. சாலையை அகலப்படுத்தும்போது அதைத் தோண்டி எறிந்துவிட்டார்கள். மிஞ்சியது உன்னுடையது. எங்கள் ஆட்கள் மாதம் ஒரு முறை வருவார்கள், சீக்கிரம் போய்விடுவார்கள். திருடர்கள் என்று விரட்டிவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உன் சின்னவன்


ஜனவரி 24

சின்னவனுக்கு அக்கா ஆசையோடு எழுதுவது.

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீ மெலிந்துவிட்டாய் என்று உன் பெண்டாட்டி போன தடவை எழுதியிருந்தாள். வேளைக்குச் சாப்பிடு.

குமிழாம் குமிழ்! அதில்தான் நம் நாயின் சங்கிலியை மாட்டியிருந்தேன். நாய் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன, சங்கிலி மட்டும் தொங்குகிறது. அரசாங்கச் சொத்து என்று தெரிந்திருந்தால் தினம் துடைத்து வைத்திருப்பேன். உன் ஆட்கள் தாராளமாக வரட்டும்.

அத்தானுக்குக் கண் முழுக்கப் போய்விட்டாலும் இந்த வீடு அவர் உள்ளங்கையில் இருக்கிறது. விளக்கு அணைந்தால் நான் நாற்காலியில் இடித்துக்கொள்வேன், அவர் இடித்துக்கொள்ள மாட்டார். வாசலைத் தாண்டினால்தான் அவர் குழந்தை. எனக்கோ காது பாதி. அழைப்பு மணி அடித்தால் அவர் சொல்வார், வந்தது யார் என்று நான் பார்ப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆளாகக் குடும்பம் நடத்துகிறோம்.

பக்கத்துக் காலி மனையில் பெரிய கட்டடம் வருகிறது. கார்களை நிறுத்த மண்ணுக்குள்ளேயே மூன்று மாடியாம். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை ஓயாமல் இறைக்கிறார்கள். பம்பு சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று அவர் அலுத்துக்கொள்கிறார். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. காது மந்தமும் ஒரு வரம்தான் போ.

தையல் வேலை குவிந்து கிடக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

முதல் அளவு எடுத்தாயிற்று. எங்கள் ஆள் உன் டீயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். சங்கிலியைக் கழற்றியதற்கு நன்றி.

உனக்குச் சிரிப்பு வரும், ஒன்று சொல்கிறேன். எங்கள் தலைமைப் பொறியாளர் ஒற்றைக் குறியை நம்பி வேலை செய்ய ஒப்பவில்லை. "இன்னொண்ணு வேணும்ப்பா. ஒண்ண மட்டும் நம்பினா, அது பொய் சொன்னா யாரு கேக்கிறது?" என்றார். ஊருக்கு வெளியே குன்றின் பாறையில் ஒரு குறி இருக்கிறது. அங்கிருந்து மட்டம் பிடித்துக்கொண்டே வருவதென்றால் நாள்கணக்கில் ஆகும். நான் சொன்னேன்: "சார், அது எங்க அப்பா கட்டின வீடு. நான் பொறந்த வீடு. அது அசையாது." அவர் சிரித்துவிட்டார். அப்பா கடைக்கால் தோண்டிய கதையை வேறு அவருக்குச் சொன்னேன். பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

கோடையில் நீங்கள் இருவரும் இங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கலாமே. அவளும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

சின்னவன்


மார்ச் 18

சின்னவனுக்கு,

உன் நலம் அறிந்து சந்தோஷம். நாங்கள் வழக்கம்போல இருக்கிறோம்.

உன் ஆட்கள் இந்த மாதமும் வந்தார்கள். ஒருவன் கோடு போட்ட நீளத் தடியைக் குமிழின் மேல் நிறுத்த, இன்னொருவன் தூரத்திலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

கோடையில் வருவதெல்லாம் ஆகாத காரியம். புது இடத்தில் அவரை ஒரு நாள் விட்டாலும் நான் நிழல் மாதிரி கூடவே அலைய வேண்டும். அவருக்கு அது அவமானம். இந்த வீட்டில்தான் அவர் ஆம்பளையாக நடமாடுகிறார். இது போனால் அவரும் போனார் என்று வைத்துக்கொள். அதனால் இந்தப் பேச்சை இனி எடுக்காதே.

வேறு விசேஷம் இல்லை. குளியலறைக் கதவு பிடித்துக்கொண்டது. தச்சர் வந்து இழைத்துக் கொடுத்தார். மரம் ஊதியிருக்கிறதாம், வெயில் காலத்தில்! தையல் மெஷினிலிருந்து பாபின் நழுவினால் நேராகத் தெருப்பக்கத்து பீரோவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது.

அவர் சுகம். கொஞ்சம் நிதானமாக நடக்கிறார். வயசாகிறதில்லையா.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை தலைக்கு மேல். மற்றபடி சுகம். அத்தானின் உடம்பு பற்றி எழுதவும்.

நல்ல செய்தி. பாலத்தின் தூண் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. மாதாமாதம் எடுத்த அளவுகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றன. சென்சார்களும் பெரிதாக எதையும் சொல்லவில்லை. பாலம் திடமாக இருக்கிறது, லாரிகளும் பேருந்துகளும் போகலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமைப் பொறியாளர் என் தோளில் தட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் யார் தோளையும் தட்டி நான் பார்த்ததில்லை.

பாலத்தில் ஏறும் இடத்தில் வண்டி தூக்கிப் போடுகிறது என்று பேருந்து ஓட்டுநர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். சாலை போட்டவன் ஒழுங்காகப் போடவில்லை, வேறென்ன. அது எங்கள் வேலை இல்லை.

அடுத்த முறை வரும்போது அந்தச் சுவருக்கு ஒரு மாலை வாங்கி வருகிறேன்.

சின்னவன்


மே 21

சின்னவனுக்கு அக்கா எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் அறிக்கைக்குப் பாராட்டு கிடைத்ததில் எனக்குப் பெருமைதான்.

இதுவரை உனக்கு எழுதாத ஒன்றை எழுதுகிறேன். எழுதினால் அத்தானைக் கூட்டிக்கொண்டு அங்கே வா என்பாய், அதனால்தான் மூடி வைத்தேன். அவருக்கு உடம்பு சரியில்லை. நடந்தால் தள்ளாடுகிறார். கண் போனபோதுகூடத் தடுமாறாத மனுஷன், இப்போது ஹாலைத் தாண்டுவதற்குள் சுவரைத் தேடுகிறார். "நடு ஹால்ல எறக்கத்துல போற மாதிரி இருக்கு" என்கிறார். "தரை தரையாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் தல சுத்துது" என்றேன். போன வாரம் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். விழும்போதெல்லாம் வாசல் பக்கமாகவேதான் விழுகிறார்.

டாக்டர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உடம்பின் நிதானம் காதுக்குள்தான் இருக்கிறதாம், அது கெட்டுவிட்டதாம். டாக்டரின் அறையில் அவர் நேராக நடந்து காட்டினார். "இது இப்படித்தான் வரும், போகும்" என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரை போட்டால் நாளெல்லாம் தூங்கி வழிகிறார். விழித்திருக்கும் நேரத்திலும் பேச்சு குறைந்துவிட்டது. டாக்டரிடம் போவதற்கு மட்டும் ஆர்வமாக இருக்கிறார்.

தச்சர் மூன்றாம் முறையாக வந்தார். இப்போது படுக்கையறைக் கதவு. "எல்லாக் கதவும் ஒரே பக்கமா ஒரசுதேம்மா" என்று தலையைச் சொறிந்தார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. பார்க்க நன்றாக இல்லை என்று அதன் மேல் காலண்டரை மாட்டிவிட்டேன்.

யாரிடமும் சொல்லாதே. வா என்றும் சொல்லாதே. ஒரு நல்ல டாக்டர் பெயர் தெரிந்தால் மட்டும் எழுது.

அக்கா


ஜூலை 2

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறாயா? நான் வெட்கத்தை விட்டு ஒரு கடிதம் எழுதி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து உன் பெண்டாட்டிக்குச் செய்தி அனுப்பினேன். நன்றாக இருக்கிறார், வேலை அதிகம் என்று பதில் அனுப்பினாள். அப்படி என்ன வேலை?

உன் ஆட்கள் வந்தார்கள். இந்தத் தடவை பாலத்துப் பக்கமிருந்து இல்லை. ஊருக்கு வெளியிலிருந்து தெருத்தெருவாகத் தடியை நட்டு, கருவியை நட்டு, வெயிலில் வதங்கி வந்து சேர்ந்தார்கள். குமிழைப் பார்த்தார்கள். திரும்ப ஒருமுறை பார்த்தார்கள். டீ கொடுத்தேன், ஆறிப்போகும்வரை வைத்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். என் டீயைப் புகழ்ந்தவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது.

என்ன என்று நேராக எழுது. சுற்றி வளைக்காதே.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் நலத்தைக் கேட்டு எழுதும் தைரியம் இன்று எனக்கு இல்லை.

நேராகவே எழுதுகிறேன். நம் வீடு இறங்குகிறது. வாசல் பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும். குன்றின் பாறையிலிருந்து மட்டம் பிடித்துப் பார்த்ததில் வாசல் மூலை மூன்று விரற்கடை கீழே போயிருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீரை இறைக்க இறைக்க, சுற்றியுள்ள மண்ணும் வற்றி அமுங்குகிறது.

பாலத்தின் கரையோரத் தூணும் கூடவே இறங்கியிருக்கிறது, ஏறக்குறைய அதே அளவு. ஓடும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவன் நகரவே இல்லை என்று சொல்வதைப் போன்றதுதான் நான் எழுதிக் கொடுத்த அறிக்கை.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. கதவுகள் ஒரே பக்கம் உரசுகின்றன, பாபின் ஒரே பக்கம் உருளுகிறது, அத்தான் ஒரே பக்கம் விழுகிறார். மறுநாளே தலைமைப் பொறியாளரிடம் போய்க் குன்றிலிருந்து மறுபடி அளக்கச் சொன்னேன். உறுதியாகத் தெரியும்வரை உனக்கு எழுதக் கை வரவில்லை. 

அத்தானுக்கு எந்த வியாதியும் இல்லை. தரைதான் சரிந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்து.

வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும், அக்கா.

சின்னவன்


ஜூலை 19

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீயும் எதிர்பார்க்க மாட்டாய்.

கதவு பற்றி மார்ச் மாதமே எழுதினேன். பாபினையும் எழுதினேன். பம்பு சத்தத்தை அதற்கும் முன்னால் எழுதினேன். எங்கே எது இறங்குகிறது என்று அளந்து சொல்வதுதானே உன் பிழைப்பு? அக்கா எழுதினால் அது வீட்டுப் புலம்பல், அப்படித்தானே? அந்தப் பாலத்தில் தினமும் பள்ளிக்கூடப் பேருந்து போகிறதடா. உன்னைத் திட்டித் தீர்க்க இன்னும் நாலு பக்கம் வேண்டும், ஆனால் எனக்குத் தெம்பில்லை.

என் மேலும் கோபம்தான். இறக்கமாக இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, இல்லை என்று அடித்துப் பேசியவள் நான். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தவளும் நான்.

டாக்டரைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டார். போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். இருட்டில் இருப்பவருக்கு மிஞ்சியிருப்பது இந்த நாலு சுவர். அதையும் பிடுங்கப்போகிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? இதைக் கேட்டால் அவர் படுத்துவிடுவார், எழுந்திருக்க மாட்டார். பம்பை நிறுத்தினால் வீடு இப்படியே நின்றுவிடாதா? முட்டுக் கொடுத்தால் ஆகாதா? ஏதாவது வழி சொல்.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்கா,

நீ எழுதியது அத்தனையும் நியாயம். உன் கடிதங்களை அக்காவின் கடிதங்களாகத்தான் படித்தேன். முன்பின் தெரியாத ஒருவர் அதே வரிகளை எழுதியிருந்தால் மறுநாளே கருவியோடு போய் நின்றிருப்பேன்.

அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பாலத்தில் கனரக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடப் பேருந்து சுற்றுவழியில் போகும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்தில் தண்ணீர் இறைப்பதை நிறுத்த உத்தரவு போயிருக்கிறது. பாலத்து வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், அதுவும் சரிதான்.

பம்பு நின்றாலும் இறங்கிய மண் ஏறாது. விரிசல் ஜன்னலிலிருந்து கூரை வரை போயிருக்கிறது என்று எங்கள் ஆள் சொன்னான். முட்டுக் கொடுத்து அதற்குள் உங்களைக் குடிவைக்க என்னால் முடியாது. இன்னொரு தடவை அது அசையாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் மாத முடிவுக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். அதற்கு முன் அத்தானிடம் நீ சொல்லிவிடு. உன்னால் முடியாவிட்டால் நான் நேரில் வந்து சொல்கிறேன். அவர் என்னை அடித்தாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

சின்னவன்


செப்டம்பர் 4

சின்னவனுக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். இந்தத் தடவை இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

சாமான் ஏற்ற நீ வந்த நாட்களில் தனியாகப் பேச நேரமே இல்லை. நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து பத்து நாள் அவர் முன்னால் போய்ப் போய்த் திரும்பினேன். பிறகு ஒரு காலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "வீடு எறங்குதுங்க. வாசப் பக்கம் சாஞ்சிருக்கு. காலி பண்ணணும்."

அவர் அசையவே இல்லை. "எவ்ளோ எறங்கிருக்கு?" என்று கேட்டார். மூன்று விரலை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அந்த விரல்களைப் பிடித்தபடியே இருந்தார். அப்பா கட்டிய வீடு, முப்பது வருஷம் குடியிருந்த வீடு, மனுஷன் உடைந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லை. "என்னங்க?" என்றேன். கத்தினார், தெருவுக்கே கேட்டிருக்கும்: "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையான்னு கேக்குறேன்!"

"இல்ல. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. தரைதான் சாஞ்சிருக்கு" என்றேன்.

அழுதார். கண் போனபோது அழாதவர்.

அழுது முடித்த பிறகு ஒன்று சொன்னார். டாக்டரிடம் போகும்போதெல்லாம் நான் கீழே மாத்திரை வாங்க இறங்குவேன் அல்லவா, அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் இல்லத்தில் தனக்கு இடம் பிடித்துத் தரச் சொல்லி டாக்டரைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நடக்க முடியாதவர்களையும் நினைவு தப்பியவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். செப்டம்பரில் ஒரு கட்டில் காலியாகும் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். "கண்ணு போச்சு. காலும் போயி, புத்தியும் போச்சுன்னா என்னை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? உனக்குக் காதும் கேக்காது. நான் விழுந்து கெடந்தாக்கூட உனக்குத் தெரியாது. சொன்னா நீ விட மாட்டன்னுதான் உன்கிட்ட சொல்லல" என்றார்.

அந்த வீட்டை விட்டால் செத்துப்போவார் என்று நான் பயந்துகொண்டிருந்த மாதங்களில், அதை விட்டும் என்னை விட்டும் போக அவர் தயாராகிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நடுவில் சிரித்தார் என்றுகூடத் தோன்றியது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

இங்கே இந்த வாடகை வீட்டில் பெட்டிகள் பாதி பிரிக்காமலே கிடக்கின்றன. அவர் தினம் எதிலாவது இடித்துக்கொள்கிறார். நெற்றியில் ஒரு புடைப்பு, முழங்காலில் ஒன்று. கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிடுகிறார்.

நேற்று டாக்டருக்குப் போன் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்க நகர்ந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். போனில் பேசுவது எனக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்குக் கேட்கும் அளவுக்கு உரக்கச் சொன்னார்: "அந்தக் கட்டில வேற யாருக்காவது குடுத்துடுங்க டாக்டர். நான் வரல. நான் என் வீட்டுலதான் இருக்கேன்."

உன் அன்புள்ள,
அக்கா